கிரேட் அமெரிக்காவுக்கு இன்னும் எத்தனை சீசன்?

கேள்வி இதுதான்: சாண்டா கிளாராவில் இருக்கும் ‘கலிஃபோர்னியாஸ் கிரேட் அமெரிக்கா’ தீம் பார்க்கை மூடப்போகிறார்களாமே, உண்மையா? சனி, ஞாயிறு போனால் கூட்டம் நன்றாகத்தானே இருக்கிறது, பிறகு எதற்கு மூடவேண்டும்? வேறு யாராவது வாங்கி நடத்த மாட்டார்களா? ரைடுகளை எல்லாம் என்ன செய்வார்கள்? நாங்கள் சீசன் பாஸ் வாங்கலாமா, வேண்டாமா?

முதலில் நேரடியான பதில். பார்க் நிற்கும் நிலம் பார்க்கை நடத்துபவர்களுடையது இல்லை. 2022 ஜூனிலேயே அதை விற்றுவிட்டார்கள். இப்போது குத்தகைக்கு இருக்கிறார்கள். அந்தக் குத்தகையின் முதல் தவணை ஆறு வருடம், அதாவது 2028 ஜூன் வரை. கோடை நடுவில் குத்தகை முடிகிற வருடத்தில் யாரும் சீசனைத் தொடங்க மாட்டார்கள். அதனால்தான் 2025 மே மாதம் முதலீட்டாளர்களிடம் பேசியபோது, குத்தகையை நீட்டிக்காவிட்டால் 2027 சீசன்தான் இங்கே கடைசி என்று பார்க்கை நடத்தும் சிக்ஸ் ஃபிளாக்ஸ் கம்பெனியே சொன்னது. நீட்டிக்க வழி இருக்கிறது. ஆனால் அந்த வழியில் ஒரு கொக்கி இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

கூட்டம் இருக்கிறதா இல்லையா என்பது இந்த விஷயத்தில் இரண்டாம்பட்சம். பலரும் இதைப் படுத்துப்போன வியாபாரம் என்று நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வருமானம் வரும் வியாபாரம்தான். அதன் காலடியில் இருக்கும் மண், வியாபாரத்தைவிடப் பல மடங்கு விலைக்குப் போய்விட்டது. இது இன்று நேற்று வந்த பிரச்சினையும் இல்லை. பார்க் திறந்து பத்து வருடம் ஆவதற்குள்ளேயே தொடங்கிவிட்டது.

1976-ல் இரண்டு கிரேட் அமெரிக்காக்களைத் திறந்தது ஹோட்டல் நடத்தும் மேரியட் கம்பெனி. ஒன்று இங்கே, மற்றொன்று சிகாகோவுக்கு வடக்கே கர்னி என்ற ஊரில். அமெரிக்கா விடுதலை பெற்று 200 வருடம் நிறைந்த ஆண்டு அது, அதனால்தான் அந்தப் பெயர், அந்தப் பழைய ஊர்த் தெரு அலங்காரம் எல்லாம். அப்போது சாண்டா கிளாராவின் வடக்குப் பகுதி பெரும்பாலும் தோட்டமும் வெற்று நிலமும்தான். சில வருடங்களில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் சுற்றி வளைத்துக்கொண்டன. எண்பதுகளின் தொடக்கத்தில் மேரியட்டுக்கு பார்க் நடத்தும் ஆசை விட்டுப்போனது. கர்னியில் இருந்ததை 1984-ல் விற்றது. அது இன்றும் சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிரேட் அமெரிக்கா என்ற பெயரில் நன்றாக ஓடுகிறது. இங்கே இருந்ததையோ, இடித்துவிட்டுக் கட்டடம் கட்டுபவர்களுக்குக் கொடுக்கப் பார்த்தது. ஒரே வருடத்தில் பிறந்த இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றுக்கு மட்டும் ஒன்பது வயதிலேயே கண்டம் வந்ததற்குக் காரணம் நிலத்தின் விலை ஒன்றுதான்.

அப்போது காப்பாற்றியது சாண்டா கிளாரா நகராட்சி. 1985-ல் 9 கோடி டாலருக்கு மேல் கொடுத்து மொத்தமாக வாங்கியது. ஒரு நகராட்சி ரோலர் கோஸ்டர் நடத்துவது விசித்திரம்தான், ஆனால் நகரத்துக்கு அதில் வரி வருமானம் இருந்தது, ஹோட்டல்களுக்கு ஆள் வந்தார்கள். 1989-ல் நடத்தும் வியாபாரத்தை கிங்ஸ் என்டர்டெயின்மென்ட்டுக்கு விற்றுவிட்டு நிலத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டது. அதன் பிறகு நடத்துபவர் மாறிக்கொண்டே வந்தார்: 1992-ல் பாராமவுன்ட், 2006-ல் சீடர் ஃபேர். நிலத்துச் சொந்தக்காரர் மட்டும் மாறவில்லை. வாடகை வாங்குகிறவர் அரசு அமைப்பு, அவருக்கு பார்க் அங்கேயே இருக்கவேண்டும் என்ற ஆசையும் இருந்தது. அந்த ஏற்பாடு முப்பது வருடத்துக்கு மேல் பார்க்கைக் காப்பாற்றியது.

அது எப்படி உடைந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நிலம் நகரத்தின் மறுவளர்ச்சி முகமையின் (பழைய பகுதிகளைப் புதுப்பிக்க நகரங்கள் வைத்திருந்த அமைப்பு) கணக்கில் இருந்தது. பட்ஜெட் நெருக்கடியில் கலிஃபோர்னியா மாநிலம் 2012-ல் இப்படிப்பட்ட முகமைகள் அத்தனையையும் கலைத்தது. அவற்றிடம் இருந்த சொத்துகளை விற்று, பணத்தைப் பள்ளிகள், கவுன்ட்டி போன்ற அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கவேண்டும் என்றது. ஆக, நகரம் விரும்பினாலும் நிலத்தை வைத்துக்கொள்ள முடியாது. 2019-ல் சீடர் ஃபேர் அந்த 112 ஏக்கரை 15 கோடி டாலருக்கு வாங்கியது. அன்றைக்கு எல்லோரும் சந்தோஷப்பட்டோம்: நடத்துபவர் கையிலேயே நிலம் வந்துவிட்டது, இனி நிம்மதி என்று. உண்மையில் பார்க்கின் விதி எழுதப்பட்டது அந்த வருடம்தான். நிலம் சந்தையில் விற்கக்கூடிய பொருளாக மாறியது அப்போதுதான்.

மூன்றே வருடம். 2022 ஜூனில் அதே நிலத்தை, கிடங்குகள் கட்டி வாடகைக்கு விடும் ப்ரோலாஜிஸ் கம்பெனிக்கு 31 கோடி டாலருக்கு விற்றார்கள். ஏக்கருக்கு ஏறத்தாழ 27, 28 லட்சம் டாலர் வருகிறது. இதோடு இன்னொரு எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். 2011-ல் இதே சீடர் ஃபேர், நிலம் இல்லாமல், பார்க் வியாபாரத்தை மட்டும் ஒரு முதலீட்டுக் கம்பெனிக்கு விற்க ஒப்புக்கொண்டது. பேசிய விலை 7 கோடி டாலர். கடைசியில் பேரம் முறிந்துவிட்டது, ஆனால் விலை தெரிந்துவிட்டது. பத்து வருட இடைவெளியைக் கழித்துக்கொண்டாலும், ரைடுகளும் டிக்கெட் வருமானமும் சேர்ந்த வியாபாரம் ஒரு தட்டில், வெறும் மண் இன்னொரு தட்டில் என்றால் எது கனம் என்பதில் சந்தேகமே இல்லை.

ஏன் விற்றார்கள்? கொரோனாவில் 2020 முழுக்கப் பல பார்க்குகள் பூட்டிக் கிடந்தன, கம்பெனிமேல் கடன் ஏறியிருந்தது. 2021 கடைசியில் ஒரு முதலீட்டாளர் குழு, ‘இவ்வளவு நிலத்தை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறீர்களே, காசாக்குங்கள்’ என்று நெருக்கியது. 2022 பிப்ரவரியில் இன்னொரு பார்க் கம்பெனியான சீவேர்ல்ட் மொத்தக் கம்பெனியையும் விலைக்குக் கேட்டது. சீடர் ஃபேர் மறுத்தது. விலைக்குக் கேட்டவரை மறுத்த நிர்வாகம், பங்குதாரர்களுக்கு ஏதாவது செய்து காட்டத்தான் வேண்டும். வந்த பணத்தில் கடனை அடைத்தார்கள். கம்பெனியின் இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் அந்த முடிவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது அந்தக் கொக்கி. ஒப்பந்தத்தில் முதல் ஆறு வருடத்துக்குப் பிறகு இன்னும் ஐந்து வருடம் நீட்டித்துக்கொள்ளும் உரிமை பார்க் நடத்துபவருக்கு உண்டு. அதாவது 2033 வரை. பத்திரிகைகளில் ‘2033 வரை ஓடலாம்’ என்று வருவது இதை வைத்துத்தான். ஆனால் நிலத்துக்காரருக்கும் ஓர் உரிமை உண்டு: குறைந்தது இரண்டு வருடம் முன்பே நோட்டீஸ் கொடுத்தால் குத்தகையை இடையிலேயே முடித்துக்கொள்ளலாம். ஆக, நீட்டித்தாலும் கிடைப்பது உறுதியான ஐந்து வருடம் இல்லை. எந்த நேரமும் ‘இன்னும் இரண்டு வருடத்தில் காலி செய்’ என்று சொல்லக்கூடிய ஐந்து வருடம். வாடகையும் சும்மா இல்லை. ஆண்டுக்கு 1.22 கோடி டாலரில் தொடங்கி, வருடத்துக்கு 2.5 சதவீதம் ஏறிக்கொண்டே போகும். இன்னொன்று, குத்தகை முடியும்போது பார்க்கை மூடி, மேலே கட்டியிருப்பதை எல்லாம் அகற்றும் வேலையும் நடத்துபவர் தலையில்தான்.

இப்படிப்பட்ட இடத்தில் 2 கோடி, 3 கோடி டாலர் போட்டு யார் புது கோஸ்டர் கட்டுவார்கள்? ஒரு பெரிய ரைடு போட்ட முதலை எடுக்க ஆண்டுகள் ஆகும். இங்கே கடைசியாக வந்த பெரிய கோஸ்டர் 2018-ல் திறந்த ரெயில்ப்ளேசர். நிலம் விற்ற பிறகு அந்த அளவில் எதுவும் வரவில்லை, வரவும் வராது. புதுசாக ஒன்றும் இல்லை என்றால் வருகிறவர்கள் குறைவார்கள். குறைந்தால் திறக்கும் நாட்களைக் குறைப்பார்கள், கடைகளில் பாதியை மூடி வைப்பார்கள். அதைப் பார்த்து இன்னும் சிலர் வராமல் போவார்கள். குத்தகைக் காலத்தில் இருக்கும் எல்லா பார்க்குக்கும் இதே வியாதிதான். நீங்கள் போனபோது பெயின்ட் உரிந்து கிடந்ததாகவும் சாப்பாட்டுக் கடையில் ஒரே ஒரு ஜன்னல் மட்டும் திறந்திருந்ததாகவும் எழுதியிருந்தீர்கள். அலட்சியம் என்று திட்டலாம்தான். ஆனால் அடுத்தவர் நிலத்தில், முடியப்போகும் குத்தகையில் இருப்பவர் வேறு எப்படி நடந்துகொள்வார்?

நடத்தும் கம்பெனியின் நிலையும் இப்போது வேறு. 2024 ஜூலை 1-ல் சீடர் ஃபேரும் சிக்ஸ் ஃபிளாக்ஸும் இணைந்தன. பெயர் சிக்ஸ் ஃபிளாக்ஸ் என்றே நின்றது. அப்போது மொத்தம் 42 பார்க்குகள், அவற்றோடு சுமார் 500 கோடி டாலர் கடன். 2025-ன் மூன்றாம் காலாண்டில் சொத்து மதிப்பில் 150 கோடி டாலரைக் கணக்கிலிருந்து வெட்டி, 120 கோடி டாலர் நட்டம் காட்டினார்கள். இவ்வளவு கடன் இருக்கும் வீட்டில் முதலில் கழற்றிவிடப்படுவது ஓரத்தில் இருப்பவைதான். மேரிலாந்தில், வாஷிங்டன் பக்கத்தில் இருந்த சிக்ஸ் ஃபிளாக்ஸ் அமெரிக்காவை 2025 மே மாதம் அறிவித்து அதே நவம்பர் 2-ல் மூடிவிட்டார்கள். 500 ஏக்கர் நிலத்தை விற்பனைக்குப் போட்டார்கள். முழுநேர வேலையில் இருந்தவர்கள் 70 பேர் அளவில்தான். சீசனுக்கு வந்துபோகும் கல்லூரிப் பிள்ளைகள் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். மூடும்போது இவ்வளவு சத்தம் இல்லாமல் நடப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இணைப்பால் நம்ம ஊருக்கு வந்த தனிச் சிக்கல் ஒன்று உண்டு. முன்பு கிரேட் அமெரிக்கா சீடர் ஃபேருடையது, வலேஹோவில் இருக்கும் டிஸ்கவரி கிங்டம் சிக்ஸ் ஃபிளாக்ஸுடையது, இரண்டும் போட்டியாளர்கள். இப்போது இரண்டும் ஒரே கம்பெனி. இங்கே மூடினால் பாஸ் வைத்திருப்பவர்களில் ஒரு பகுதியாவது வலேஹோவுக்குப் போவார்கள் என்று கணக்குப் போட அவர்களுக்கு இப்போது வசதியாக இருக்கிறது. சன்னிவேலிலிருந்து போக்குவரத்து நெரிசலில் வலேஹோ போவது என்ன பாடு என்பது அந்தக் கணக்கில் வராது.

நிலத்துக்காரர் பக்கம் வருவோம். ப்ரோலாஜிஸ் சான் பிரான்சிஸ்கோவைத் தலைமையிடமாகக் கொண்ட உலகப் பெரிய கிடங்கு கம்பெனி. இப்போது டேட்டா சென்டர் பக்கமும் இறங்கியிருக்கிறது. சாண்டா கிளாராவுக்குச் சொந்தமாக மின்வாரியம் இருக்கிறது, சுற்றுவட்டாரத்தைவிட அங்கே மின்கட்டணம் குறைவு. அதனாலேயே இந்தச் சின்ன நகரத்தில் ஐம்பதுக்கு மேல் டேட்டா சென்டர்கள் குவிந்திருக்கின்றன. என்ன கட்டுவார்கள் என்று நான் அடித்துச் சொல்லப்போவதில்லை, ஆனால் 31 கோடி கொடுத்தவர் ரோலர் கோஸ்டர் பார்க்க அதை வாங்கவில்லை.

இருந்தாலும், பார்க் தப்பிப் பிழைக்க ஏதாவது வாய்ப்பு இருக்கிறது என்றால் அது இந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். காரணம், நிலத்தின் பயன்பாட்டை மாற்ற நகரசபையின் ஒப்புதல் வேண்டும், சுற்றுச்சூழல் ஆய்வு வேண்டும். கலிஃபோர்னியாவில் இது ஆமை வேகம். பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது: லீவைஸ் ஸ்டேடியத்துக்கு எதிரே பழைய கோல்ஃப் மைதானத்திலும் குப்பை கொட்டி மூடிய இடத்திலும் 240 ஏக்கரில் ஒரு குட்டி நகரமே கட்டும் திட்டத்துக்கு 2016-லேயே அனுமதி கிடைத்தது. பல வருடங்களாக அது இழுத்துக்கொண்டே போனது. ப்ரோலாஜிஸின் திட்டம் தயாராகும் வரை நிலம் சும்மா கிடப்பதைவிட வாடகை வருவது அவர்களுக்கும் நல்லதுதான். அதனால் 2028-க்குப் பிறகும் ஓரிரு வருடம் ஓடினால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். பத்து வருடம் ஓடும் என்றால் நம்ப மாட்டேன்.

‘வேறு யாராவது வாங்கி நடத்த மாட்டார்களா’ என்ற கேள்விக்கு, அமெரிக்காவில் அப்படி நடந்த கதைகள் உண்டு. கென்டக்கி கிங்டம் நல்ல உதாரணம். 2010-ல் சிக்ஸ் ஃபிளாக்ஸ் திவாலில் இருந்தபோது அந்தக் குத்தகையை உதறிவிட்டுப் போனது. நான்கு வருடம் பூட்டிக் கிடந்தது. 2014-ல் உள்ளூர் ஆட்கள் சிலர் திரும்பத் திறந்தார்கள், இன்று அது ஹெர்ஷென்ட் குழுமத்தின் கையில் நன்றாக இருக்கிறது. ஆனால் அங்கே நிலம் மாநிலப் பொருட்காட்சி வாரியத்துடையது. அந்த வாரியத்துக்கு பார்க் வேண்டும். இங்கே 1985-ல் நகராட்சி வகித்த இடமும் அதுதான். அந்த இடத்தில் இப்போது யாரும் இல்லை. 31 கோடிக்குப் போன நிலத்தைத் திரும்ப வாங்கி பார்க் நடத்தினால் வட்டி கட்டவே டிக்கெட் பணம் போதாது.

ஒரு எச்சரிக்கைக் கதையையும் சொல்லவேண்டும், கம்பெனிக்காரர்கள் இதைக் கேட்டால் நெளிவார்கள். ஹூஸ்டனில் ஆஸ்ட்ரோவேர்ல்ட் என்று ஒன்று இருந்தது. 2005-ல் சிக்ஸ் ஃபிளாக்ஸ் அதை மூடி நிலத்தை விற்க முடிவெடுத்தபோது 15 கோடி டாலர் வரை கிடைக்கும் என்று எதிர்பார்த்தது. கிடைத்தது 7.7 கோடி. இடிக்கும் செலவு வேறு. நிலம் அதன் பிறகு வருடக்கணக்கில் புல் முளைத்துக் கிடந்தது. ஒஹையோவில் கியாகா லேக்கை 2004-ல் 14.5 கோடிக்கு வாங்கிய சீடர் ஃபேர், 2007-ல் மூடியது. அங்கேயும் பல வருடம் மரக் கோஸ்டர் ஒன்று மக்கி உதிர்ந்துகொண்டே நின்றது, 2016-ல்தான் இடித்தார்கள். சாண்டா கிளாராவில் விற்றுப் பணத்தை வாங்கிக்கொண்டு, பிறகு மூடுகிறார்கள். அந்த அனுபவத்தில் கற்ற பாடமாக இருக்கலாம்.

ரைடுகள் என்ன ஆகும்? இரும்பு கோஸ்டர்களைக் கழற்றி எடுத்துப்போக முடியும். இந்த பார்க்குக்கே அதில் பழக்கம் உண்டு: 2000-ல் இங்கே வந்த ஸ்டெல்த், படுத்துக்கொண்டு பறப்பதுபோல் போகும் கோஸ்டர், பிறகு வட கரோலைனா எல்லையில் இருக்கும் காரோவின்ட்ஸுக்குப் போனது. இன்வெர்டிகோ பென்சில்வேனியாவுக்குப் போனது. ரெயில்ப்ளேசர் புதுசு, ஒற்றைத் தண்டவாளம், அதிக இடமும் பிடிக்காது. கம்பெனிக்குள்ளேயே இன்னொரு பார்க்குக்கு அதை அனுப்புவது நிச்சயம் என்றே நினைக்கிறேன். 1993-ல் ‘டாப் கன்’ என்று தொடங்கிய ஃபிளைட் டெக்கின் வயதுக்கு, கழற்றி ஏற்றி புது அஸ்திவாரம் போடும் செலவு தாங்குமா என்பது சந்தேகம்.

எனக்கு வருத்தம் கோல்ட் ஸ்ட்ரைக்கரைப் பற்றித்தான். 2013-ல் திறந்த மரக் கோஸ்டர், மேற்குக் கரையில் இருக்கும் நல்ல மரக் கோஸ்டர்களில் ஒன்று. மரக் கோஸ்டரைக் கழற்றிக் கட்டுவதற்குப் புதிதாகவே கட்டிவிடலாம். வண்டிகளும் சங்கிலியும் மோட்டாரும் போகும், மரம் விறகாகத்தான் போகும். அடுத்த முறை ஏறும்போது முதல் இறக்கத்தைக் கவனியுங்கள். உச்சியிலிருந்து விழுந்ததும் வண்டி ஒரு மூடிய சுரங்கத்துக்குள் போய்விடும், இருட்டில் சத்தம் காதை அடைக்கும். திகிலுக்காகத்தான் என்று ஏறுகிறவர்கள் நினைப்பார்கள். பக்கத்தில் இருக்கும் அலுவலகக் கட்டடங்களுக்குச் சத்தம் போகக்கூடாது என்பதற்காக மூடியது அது. சத்தத்தை வைத்து வழக்கு வரைக்கும் போன விவகாரம். சுற்றி இருக்கும் நிலம் இந்த பார்க்கை எப்படி நெருக்கியது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். பார்க்கின் பார்க்கிங் இடத்தில் எழும்பி 2014-ல் திறந்த ஸ்டேடியம் இன்னொரு சாட்சி. மேட்ச் நடக்கும் நாட்களில் அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பவே முடியாது.

சரி, பாஸ். ஒரு சீசனுக்கான பாஸ் தாராளமாக வாங்கலாம். அந்த சீசன் நடுவில் திடீரென்று பூட்டிவிட்டுப் போவார்கள் என்று பயப்படத் தேவையில்லை. ஒப்பந்தத்தில் இருக்கும் இரண்டு வருட நோட்டீஸ் உங்களுக்கும் ஒரு பாதுகாப்புதான். வாங்கும்போது வலேஹோவிலும் செல்லுபடியாகும் வகையைப் பாருங்கள், விலை வித்தியாசம் சின்னதாக இருந்தால் அதையே எடுங்கள். பார்க்கிங் மட்டும் அவசியம் சேர்த்துக்கொள்ளுங்கள், இரண்டு மூன்று முறை போனாலே அந்தக் காசு வந்துவிடும். சாப்பாட்டு பாஸ் வேண்டாம். கடைகள் பாதி திறந்திருக்கும் நாளில் அதற்காக வரிசையில் நிற்பதில் அர்த்தம் இல்லை, அதுவும் சைவம் என்றால் பீட்சாவும் ஃபிரைஸும்தான் கதி.

சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் என்றால் கில்ராய் கார்டன்ஸ் இருக்கிறது, லாபநோக்கம் இல்லாத அமைப்பு நடத்துவது, மர நிழலும் உண்டு. கோஸ்டர் பிரியர்களுக்கு சாண்டா குரூஸ் கடற்கரையில் 1924-லிருந்து ஓடும் ஜயன்ட் டிப்பர் இருக்கிறது. அது ஒரு குடும்பக் கம்பெனியின் கையில் இருக்கிறது, நிலமும் அவர்களோடு.

கடைசியாக உங்கள் மகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள், இன்னும் உயரம் போதவில்லை என்று. இங்கே பெரிய கோஸ்டர்கள் பலவற்றுக்கு 48 அங்குலம் வேண்டும். அவள் அந்தக் கோட்டைத் தொடும் வருடமே கூட்டிப்போய்விடுங்கள், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். முதலில் கோல்ட் ஸ்ட்ரைக்கர், திறந்தவுடன் போனால் வரிசை இருக்காது.